‘இரண்டாந்தரம்’: மருத்துவபீட அனுமதியும் மீளத் தோற்றுவோர் மீதான பழியும்

தமிழில் ‘தரம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உள. தடவை என்பது ஒன்று. தகுதியின் அளவு என்பது மற்றொன்று. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு மீண்டும் தோற்றும் மாணவனை ‘இரண்டாந்தரம் எடுக்கிறவன்’ என்று நாம் குறிப்பிடும்போது முதற் பொருளையே கருதுகிறோம். ஆயினும் அச்சொல்லை உச்சரிக்கும் தொனியில் இரண்டாவது பொருளும் மெல்ல வந்து ஒட்டிக்கொள்கிறது. பேச்சுவழக்கில் ‘செக்கன்ட் ஷை’ என ஆங்கிலத்திற் சொன்னாலும் இந்த நிலைமை மாறுவதில்லை. மருத்துவபீடத்திற்கு அனுமதி பெற்றுவிட்ட ஒருவரைப் பற்றிக்கூட, “அவர் மூன்றாந்தரத்திலேதான் எடுபட்டவர்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் பழக்கம் எமது வீடுகளிலும் விடுதிகளிலும் உண்டு.

இத்தொனி வெறும் வம்புப் பேச்சாக நின்றுவிடுமாயின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அது இப்போது ஒரு கொள்கைக் கோரிக்கையின் வடிவத்தைப் பெற்று வருகிறது. மீளத் தோற்றுவோர் முதற்தரம் தோற்றுவோரின் இடங்களைப் பறித்துக்கொள்கின்றனர். ஆகவே மீளத் தோற்றுவோரின் புள்ளியிற் கழிவு செய்ய வேண்டும், அல்லது மூன்று தடவைகள் என்பதைக் குறைக்க வேண்டும் என்ற குரல் பெற்றோர் மத்தியிலும் மாணவர் மத்தியிலும் கேட்கிறது. இக்குரலை மறுப்பதும், இக்குரல் மறைத்துவிடுகின்ற உண்மையான அநீதி எதுவெனச் சுட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் விதிகளை நோக்குவோம். பல்கலைக்கழக அனுமதியைக் கருதி ஒருவர் உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவர் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் ஒரே அமர்விற் சித்தியெய்தியிருத்தல் வேண்டும். 2001ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறையிலுள்ள இசட் புள்ளி முறையின்படி, ஒவ்வொரு பாடத்திலும் அவர் பெற்ற புள்ளி அப்பாடத்தின் இடையிலிருந்து எத்தனை நியம விலகல் மேலே அல்லது கீழே நிற்கிறது என்று கணிக்கப்பட்டு, மூன்றினதும் சராசரி எடுக்கப்படுகிறது. பின்னர் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. இக்கணக்கில் எந்த இடத்திலும், ‘இவர் எத்தனையாம் தடவை தோற்றினார்’ என்ற வினா எழுவதில்லை. சென்ற ஆண்டின் தோல்வியை இவ்வாண்டின் இசட் புள்ளி நினைவில் வைத்திருப்பதில்லை. எமது அனுமதி முறையில் மனிதப் பண்புடைய அம்சங்கள் மிகச் சில. அவற்றுள் இந்த மறதியும் ஒன்று என்பது எனது கருத்து.

எதிர்த்தரப்பினரின் வாதத்தை அதன் வலிமை குன்றாமல் எடுத்துரைப்பதே நேர்மை. அவர்கள் கூறுவது இது: முதற்தரம் தோற்றும் மாணவன் இரண்டு ஆண்டுகளிற் கற்றதை, மற்றவன் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் கற்றிருக்கிறான். இருவருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே வெட்டுப்புள்ளி. ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் முன்னதாகவே ஓடத் தொடங்கிவிட்டான், இது சமத்துவமா?

இவ்வாதம் பரீட்சையை ஓட்டப் பந்தயமாகக் காண்கிறது. அங்கேதான் பிழை தொடங்குகிறது. மருத்துவபீட அனுமதிப் பரீட்சை ஒருவன் எவ்வளவு விரைவாகக் கற்றான் என்பதை அளப்பதற்கு ஏற்பட்டதன்று; மருத்துவக் கல்வியைத் தாங்கும் அறிவு அவனிடம் இன்று உண்டா என்பதை அளப்பதற்கே ஏற்பட்டது. இரசாயனச் சமநிலையைப் பதினெட்டாவது வயதில் விளங்கிக்கொண்டவனுக்கும் இருபதாவது வயதில் விளங்கிக்கொண்டவனுக்குமிடையே, நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது என்ன வேறுபாடு இருக்கப் போகிறது? மேலும், மீளத் தோற்றுபவன் தன் வாய்ப்புக்கு ஏற்கெனவே விலை செலுத்திவிட்டான். அவனது இளமையின் ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டுகளோதான் அவ்விலை. அவனது சகபாடிகள் பட்டம் பெற்று உழைக்கத் தொடங்கும் காலத்தில் அவன் இன்னும் மாணவனாகவே இருப்பான். அவ்விலைக்கு மேலதிகமாகப் புள்ளியிலும் கழிவு கேட்பது ஒரே கடனுக்கு இருமுறை வட்டி வாங்குவதற்கு ஒப்பாகும்.

மீளத் தோற்றுவோரையும் முதற்தரம் தோற்றுவோரையும் ஒரே கணக்கிற் சேர்ப்பது பற்றி இந்நாட்டில் ஒரு பெரும் வழக்கே நடந்திருக்கிறது. 2011 ஓகஸ்டில் நடைபெற்ற உயர்தரப் பரீட்சையில் முதற்தரம் தோற்றியோர் புதிய பாடத்திட்டத்திலும் மீளத் தோற்றியோர் பழைய பாடத்திட்டத்திலும் விடை எழுதினர். இரு சாராரையும் ஒன்றாகக் கொண்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டது. 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அக்கணிப்பைத் தள்ளி, இரு பாடத்திட்டங்களுக்கும் வெவ்வேறாகக் கணிக்குமாறு பணித்தது. இவ்வழக்கைச் சுட்டிக்காட்டி, ‘பார்த்தீர்களா, மீளத் தோற்றுவோர் வேறு இனம்’ என்று வாதிடுவோர் உளர். ஆனால் அங்கே வேறுபட்டது வினாத்தாள், மாணவரின் தகுதியன்று. வெவ்வேறு வினாத்தாள்களை எழுதியோரை ஒரே குடித்தொகையாகக் கொள்ளலாகாது என்பது புள்ளிவிபரவியலின் பால பாடம். ஒரே வினாத்தாளை எழுதியோரை இரு சாதியாகப் பிரிக்கலாம் என்று அதற்குப் பொருள் கொள்ள இடமில்லை.

எழுதிய விடைக்கன்றி, எழுதியவர் யார் என்பதற்காகப் புள்ளியைக் கூட்டிக் குறைக்கும் வழக்கத்தின் கசப்பைத் தமிழ் மாணவருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகள் பெற வேண்டியிருக்க, சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமானதாக இருந்தது. ஒரே நாளில், ஒரே பாடத்தில் எழுதப்பட்ட விடைகளை மொழி கொண்டு நிறுத்தும் முறை ஒரு தலைமுறையின் நெஞ்சில் ஆறாத வடுவாகியது. அவ்வாறாயின் மாவட்ட அடிப்படையும் அத்தகையதல்லவா என்று வினவலாம். அன்று. நோக்கத்தளவிலேனும், மாவட்ட அடிப்படை ஒரு குறைக்கு ஈடு செய்ய முயல்வது. முல்லைத்தீவிலோ மன்னாரிலோ நுவரெலியாவிலோ உள்ள மாணவனுக்கு ஆய்வுகூடமும் ஆசிரியரும் வாய்க்கவில்லை என்ற குறையைக் கணக்கிலெடுப்பது. மீளத் தோற்றுவோருக்கான கழிவு எக்குறைக்கும் ஈடு செய்யாது. இருக்கும் குறையை இரட்டிப்பாக்கவே செய்யும். முதற்தரத்தில் ஆசிரியரின்றித் தவறியவனே இரண்டாந்தரத்தில் புள்ளியையும் இழப்பான்.

எதிர்த்தரப்பினரிடம் இதனினும் வலிய வாதமொன்று உண்டு. காத்திருப்பதற்குப் பணம் வேண்டும். பணமுள்ளவனே மூன்று தடவைகளையும் முழுமையாகப் பயன்படுத்துகிறான். ஆகவே மீளத் தோற்றும் உரிமை செல்வந்தரின் உரிமை என்பதே அது. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் நீட் தேர்வின் விளைவை ஆராய்ந்த நீதியரசர் ஏ. கே. இராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை, மருத்துவக் கல்லூரிகளில் இடம் பெற்றோருள் மீளத் தோற்றியோரின் விகிதம் 2016-17இல் நூற்றுக்கு 12.47 ஆக இருந்து 2020-21இல் 71.42 ஆக உயர்ந்ததைக் காட்டிற்று. பள்ளிக்கூடத்திற்கு வெளியே, கட்டணம் செலுத்திப் பயிற்சி பெற வேண்டியதொரு பரீட்சை வந்ததும், ஓராண்டு காத்திருக்க வல்லவனின் கையே ஓங்கியது. காத்திருப்புக்கும் பணத்துக்குமுள்ள உறவை மறுப்பவன் கண்ணை மூடிக்கொள்பவனே.

எனினும் நோயைச் சரியாக அறிந்தவர்கள் தவறான மருந்தை எழுதுகின்றனர். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டாந்தரம் என்பது பல வழிகளுள் ஒன்று மாத்திரமே. பத்தாம் வகுப்பிலிருந்தே தனியார் வகுப்பு அவனுக்கு உண்டு. இங்கு எடுபடாவிடின் ரஷ்யாவுக்கோ சீனாவுக்கோ பங்களாதேசுக்கோ சென்று மருத்துவம் பயின்று, திரும்பி வந்து இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் தேறிப் பதிவு பெறலாம். புள்ளியிற் கழிவு வந்தால் அவன் வழி மாறிச் செல்வான்; அவ்வளவே. வழி அடைபடுவது வேறு எவ்வழியும் அற்றவனுக்குத்தான். தோட்டத்துப் பாடசாலையிலிருந்து வந்தவளுக்கு, இடம்பெயர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு, பரீட்சைக்கு இரு மாதங்களுக்கு முன் தந்தையை இழந்தவனுக்கு இரண்டாந்தரமே ஒரேயொரு கதவு. செல்வந்தனுக்கு எதிராக எனச் சொல்லி வறியவனின் கதவை மூடுவதே இக்கோரிக்கையின் நடைமுறை விளைவாகும்.

பிறநாட்டார் இப்பிரச்சினையை எவ்வாறு கையாளுகின்றனர் என்பதை ஒப்புநோக்குவது பயன்தரும். ஐக்கிய அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரு முதற்பட்டம் பெற்ற பின்னரே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கின்றனர். பட்டப்படிப்பில் ஒரு பாடத்தில் குறைந்த தரம் பெற்று அதனை மீளக் கற்றவரின் இரு தரங்களும் விண்ணப்பச் சேவையின் சராசரியிற் சேர்க்கப்படுகின்றன. இரண்டாவது முதலாவதை அழிப்பதில்லை. ஒஸ்ரியோபதி மருத்துவக் கல்லூரிகளின் விண்ணப்பச் சேவை மட்டும் பிந்திய தரத்தை முந்தியதற்குப் பதிலீடாக ஏற்றுவந்தது. 2017இல் அதுவும் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. நடுவிற் பாடத்திலிருந்து விலகினாலோ அவ்விலகல் சராசரியைப் பாதிப்பதில்லை. ஆனால் பெறுபேற்றுப் பத்திரத்தில் ஓர் எழுத்தாக நின்று, தெரிவுக் குழுவினர் கண்களில் என்றும் பட்டுக்கொண்டிருக்கும். பத்தாண்டுகளுக்கு முற்பட்ட பெறுபேறுகளைக் கணக்கிற் கொள்ளாது விடுமாறு கோருவதற்கு மாணவருக்கு உரிமையளிக்கும் சட்டம் ரெக்சாஸ் மாநிலத்தில் உண்டு. மன்னிப்பதற்கு அங்கே பத்தாண்டு வேண்டும். எமது நாட்டில் ஓராண்டு போதும். இவ்வகையில் எமது முறையே மேலானது.

ஆனால் ஒப்பீட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்க மாணவன் கட்டணம் செலுத்தியே மீளக் கற்கிறான், எனினும் அவனுக்கு வகுப்பறையில் ஓர் ஆசனம் உண்டு, கற்பிக்க ஆசிரியர் உண்டு, ஆய்வுகூடம் உண்டு. எமது நாட்டில் மீளத் தோற்றுபவனுக்குப் பரீட்சை மண்டபத்தில் மட்டுமே ஆசனம் உண்டு. பரீட்சை முடிந்ததும் பாடசாலை அவனை வெளியே அனுப்பிவிடுகிறது. அடுத்த தடவை அவன் பெரும்பாலும் ‘தனிப்பட்ட பரீட்சார்த்தி’. இப்பெயரே எத்துணை பொருத்தம்! உண்மையிலேயே அவன் தனிப்பட்டுத்தான் போகிறான். அரசு அவனுக்கு அளிப்பது சுட்டெண்ணும் அனுமதி அட்டையும் மாத்திரமே. ஏனையவற்றை அவன் சந்தையில் வாங்கிக்கொள்ள வேண்டும். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை என்று பெருமையுடன் பேசப்படுகிறது. அப்பாதையின் நடுவே, மிக இடுக்கமான இடத்தில், ஓராண்டு அல்லது ஈராண்டு நீளத்துக்கு ஒரு பள்ளம் இருப்பதை எவரும் பேசுவதில்லை. அப்பள்ளத்தின் மேல் பாலம் போட்டிருப்பவர்கள் தனியார் கல்வி நிலையத்தினர். பாலத்தைக் கடக்கக் காசு வேண்டும்.

இப்பள்ளம் எல்லா ஊர்களிலும் ஒரே ஆழமுடையதன்று. நாட்டிலுள்ள ஏறத்தாழப் பத்தாயிரம் அரச பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவைக் கொண்ட 1ஏபி வகைப் பாடசாலைகள் ஏறத்தாழ ஆயிரமே. யாழ்ப்பாண நகரிலோ கொழும்பிலோ வாழும் மாணவன் தனியார் வகுப்புக்குச் சைக்கிளிலோ பஸ்ஸிலோ சென்று வரலாம். மடுப் பகுதியிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ வரும் மாணவி வகுப்புக் கட்டணத்துக்கு மேலாக அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கொடுக்க வேண்டும். ஒரே விதி, ஒரே மூன்று தடவைகள். ஆனால் ஒருத்திக்கு அவ்விதி காகிதத்தில் மட்டுமே மூன்று. நடைமுறையில் அது ஒன்று.

காலத்தைப் பங்கிடுவதிலும் நீதியில்லை. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நடைபெற்றது. அதன் பெறுபேறுகள் 2023 செப்டெம்பரில் வெளியாயின. அடுத்த பரீட்சை 2024 ஜனவரியில் ஆரம்பமாகியது. தன் பெறுபேற்றை அறிந்து, மீளத் தோற்றுவதா இல்லையா எனத் தீர்மானித்து, மூன்று பாடங்களையும் மீளப் படிப்பதற்கு மாணவனுக்குக் கிடைத்த காலம் நான்கு மாதங்கள். வசதியுள்ளவன் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கவில்லை. பரீட்சை முடிந்த கையோடு அடுத்த தடவைக்கான வகுப்பிற் சேர்ந்துவிட்டான். வசதியற்றவன் கடையிலோ வயலிலோ வேலைக்குப் போய், செப்டெம்பரில் செய்தி அறிந்தான். இவ்விருவரையும் ‘மீளத் தோற்றுவோர்’ என்ற ஒரே பெயரால் அழைத்து, ஒரே கழிவை விதிக்க வேண்டும் என்பவர்கள் நீதியைப் பற்றிப் பேசாதிருப்பது நன்று.

ஒரே அமர்வில் மூன்று பாடங்கள் என்ற விதியும் சிலராற் கண்டிக்கப்படுகிறது. உயிரியலிலும் இரசாயனவியலிலும் ஏ சித்தி பெற்றுப் பௌதிகவியலில் தவறியவன், அடுத்த தடவை மூன்றையும் மீள எழுத வேண்டும். முன்னைய இரு சித்திகளும் அனுமதிக்கு உதவா. இது கொடிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாடவாரியாகப் பெறுபேற்றைச் சுமந்து செல்ல இடமளிப்பின், ஆண்டுக்கு ஒரு பாடமென்று நிதானமாகப் படித்து முடிக்கும் வசதி காத்திருக்க வல்லவனுக்கே வாய்க்கும். எனவே இவ்விதியைத் தளர்த்துமாறு நான் கோரவில்லை. சலுகைகளெல்லாம் வறியவனுக்கு நன்மை தருவன அல்ல என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி, விலகல் என்ற மற்றைய விடயம். முதற்தரத்தில் மருத்துவத்துக்கு எட்டாத புள்ளியைப் பெற்ற ஒருவனுக்கு உயிரியல் விஞ்ஞானத்துக்கோ விவசாயத்துக்கோ சித்த மருத்துவத்துக்கோ இடம் கிடைக்கிறது. பதிவு செய்வதா, காத்திருப்பதா? பதிவு செய்துவிட்டால், பின்னர் வேறொரு பெறுபேற்றைக் கொண்டு கற்கைநெறி மாறுவதை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. பதிவு செய்யாவிடின், கையிலுள்ளதும் போய்விடலாம். வறிய குடும்பத்தில் இவ்வினாவுக்கு விடை முன்னரே தயாராகவுள்ளது: “கிடைச்சதைப் படி, பிள்ளை.” வசதியுள்ள குடும்பம் காத்திருக்கிறது. சிலர் பதிவு செய்து, சில மாதங்கள் இருந்து, பின் விலகுகின்றனர். வெற்றிடம் நிரப்பும் காலம் கடந்தபின் விலகுபவரின் இடம் அவ்வாண்டு முழுவதும் எவருக்கும் பயனின்றிக் கிடக்கிறது. விலகுபவனைத் தூற்றுவது எளிது. அடுத்த பெறுபேறு வருவதற்கு முன்னரே அவனைத் தெரிவு செய்ய வைக்கும் நாட்காட்டியைத் திருத்துவது கடினம். எமது நிருவாகம் எப்போதும் எளிதானதையே விரும்புகிறது.

கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு இவ்விடயத்தில் என்ன அக்கறை என வினவுவோருக்கு இரு விடைகள் கூறுவேன். முதலாவது, எமது விரிவுரை மண்டபங்களில் முதற்தரம் விஞ்ஞானப் பிரிவில் தோற்றி, இரண்டாவது ஆண்டுக்கான செலவைத் தாங்க இயலாமற் கலைப்பிரிவுக்கு மாறி வந்தோர் இருக்கின்றனர். கலைக்கல்வியை அவர்கள் விரும்பித் தெரிந்திருந்தால் மகிழலாம். வறுமை தெரிந்து கொடுத்தமையே கவலைக்குரியது. இரண்டாவது, பழி கூறும் அதே மனப்பான்மை எமது பல்கலைக்கழகங்களின் உள்ளேயும் சட்டமாக இருக்கிறது. பீடங்கள் பலவற்றில், மீளப் பரீட்சை எழுதும் மாணவன் எத்துணை சிறப்பாக விடையளித்தாலும் சீ தரத்துக்கு மேல் அவனுக்கு வழங்கப்படுவதில்லை. மருத்துவ சான்றிதழ் காட்டியவனுக்கு விலக்கு உண்டு. மனம் உடைந்தவனுக்கோ வீட்டுச் சுமையில் அழுந்தியவனுக்கோ இல்லை. நுழைவாயிலிற் கேளாத வினாவை உள்ளே நுழைந்தபின் கேட்பது முரண்பாடல்லவா? மூன்றாந்தரத்தில் வந்தவனையும் மருத்துவ மாணவனாக மனமுவந்து ஏற்கும் பல்கலைக்கழகம், தன் சொந்த வினாத்தாளை இரண்டாந்தரத்தில் வென்றவனுக்கு மட்டும் அவன் பெற்ற புள்ளியைக் கொடுக்க மறுப்பதை எக்கல்விக் கோட்பாட்டாலும் நியாயப்படுத்த முடியாது. முதற்தடவையிலேயே தேற மாணவரைத் தூண்டுவதற்காகவே இவ்வரம்பு என்பர். தோற்றவனுக்கு எஞ்சியுள்ள ஊக்கத்தைக் கொன்று, தோற்காதவனுக்கு ஊக்கம் ஊட்டும் முறை இது.

ஆகவே எமது கோரிக்கைகள் தெளிவாக அமைதல் வேண்டும். மீளத் தோற்றுவோரின் புள்ளியில் எவ்விதக் கழிவும் கூடாது. மூன்று தடவைகள் என்ற உரிமை குறைக்கப்படலாகாது. ஒவ்வொரு கல்வி வலயத்திலும் ஒரு 1ஏபி பாடசாலையேனும் மாலை வேளையில் மீளத் தோற்றுவோருக்குத் திறக்கப்பட்டு, ஆசிரியருக்கு உரிய கொடுப்பனவுடன் வகுப்புகள் நடத்தப்படல் வேண்டும். முதற்தரத்தில் வெட்டுப்புள்ளியை அண்மித்துத் தவறிய வறிய மாணவருக்கு ஓராண்டு உதவிப்பணம் வழங்கப்படல் வேண்டும். பரீட்சை, பெறுபேறு, பதிவு, அடுத்த பரீட்சை என்ற நான்கும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட, மாறாத நாட்காட்டிக்குள் அமைதல் வேண்டும். பல்கலைக்கழகங்கள் தம் மீள்பரீட்சைத் தரவரம்பை மீளாய்வு செய்தல் வேண்டும். இதனை வெளியாரிடம் கேட்க வேண்டியதில்லை, எமது பீடச் சபைகளிலேயே தொடங்கலாம்.

இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்கப்படும். பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது: அடகு வைத்த தாலியாக, விற்ற மாடாக, மத்திய கிழக்கிலிருந்து தாய் அனுப்பும் காசாக. அச்செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி. இரண்டாவது வாய்ப்பைச் சட்டத்தில் எழுதிவைத்த அரசு, அதனைப் பயன்படுத்தும் ஆற்றலையும் வழங்கக் கடமைப்பட்டது. அதுவரை, மீளத் தோற்றும் மாணவனைப் பழிப்பவர்கள் தம் சுட்டுவிரலை அவனிடமிருந்து எடுத்து, அவனுக்குப் பின்னால் மூடப்பட்ட பாடசாலைக் கதவை நோக்கித் திருப்பட்டும்.